முப்பதாவது வீடு

விவேக் நகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்ஸுகள். மழை கண்ணாடியில் வழிந்து ஊரைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"அவர் திங்கட்கிழமை வரைக்கும் உயிரோட இருந்திருக்கலாம்க்கா," என்றாள் இளையவள்.

"நல்லா இருக்குடி உன் எம்எஸ்சி!"

"நர்ஸிங் காலேஜ்ல டீச்சராகணும்னா தீசிஸ் முடிக்கணுமே. படுக்கையில கெடக்கறவங்கள எப்படிப் பாத்துக்கறதுன்னு முப்பது வீட்ல சொல்லிக்கொடுத்து, அப்புறம் டெஸ்ட் வெக்கணும். ஆஸ்டின் டவுன்ல அவர் சம்சாரம்தான் முப்பதாவது, அவங்களுக்குத் திங்கட்கிழமைதான் டெஸ்ட்."

"வேற வீடு பாரு."

"டைம் இல்ல. ஆறு மாசம் தள்ளிப்போயிடும்."

கண்டக்டர் கடந்து போனார்.

"சாவுக்குப் போனேன்க்கா. அந்தம்மா என்னை சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, 'எல்லாம் படிச்சு வெச்சிருக்கேன், இப்பவே கேளுங்க சிஸ்டர்'னாங்க."

"கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டு மணிக்கொரு தடவ திருப்பிப் படுக்க வெக்கணும், முதுகுல ஈரம் இருக்கக்கூடாது... இருபதுக்கு இருபது."

"அப்போ சேத்துக்கோ."

"பேஷன்ட் செத்துட்டா அந்த வீடு செல்லாதுக்கா."

"தெரிஞ்சும் எதுக்குடி கேட்டே?"

இளையவள் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"மார்க்கச் சொன்னதும் அந்தம்மா என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. 'அப்போ என் மேல தப்பில்லையே சிஸ்டர்?'னாங்க."