சனிக்கிழமைப் பெட்டியும் உடையப்பன் அண்ணனும்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, நம் சங்கத்துக்கு வேன் தந்து உதவிய ஹாஜி முகம்மது கௌஸ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உடையப்பன் அண்ணனின் துணைவியார் வீரம்மா அக்கா அவர்களே, புந்தோங் பெருமக்களே! மாயாண்டியாகிய எனக்கு மைக் பழக்கமில்லை. ஆனாலும் இன்று பேசாவிட்டால் இனி எனக்கு வாய் எதற்கு?

நம் சவ அடக்க உதவிச் சங்கத் தலைவர் உடையப்பன் அவர்கள் மறைந்து பதினாறு நாள் ஆகிறது. காம்பாரில் நாதியற்றுக் கிடந்த பெரியவரை எடுத்து அடக்கம் செய்தது யார்? உடையப்பன்! பாகான் செராய் வெள்ளத்தில் படகு கட்டி உடலைக் கொண்டுவந்தது யார்? உடையப்பன்! இவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இன்று சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன், எண்பத்து மூன்றாம் ஆண்டு. அண்ணனும் நானும் சரக்கு விமானத்தில் வேலை செய்தோம். எந்தப் பாரம் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுபவர் அவர். ஏற்றி இறக்குபவன் நான். அன்று சபா மாநிலத்திலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு ஒரு சவப்பெட்டி வந்தது. உள்ளே இருந்தவர் நம் பேராக் தோட்டத்து ஆள், சனிக்கிழமை இறந்தவர். சனியன்று இறந்தவர் துணை தேடுவார் என்று கோழிக்குஞ்சின் காலில் நூல் போட்டுப் பாடையில் கட்டுவோமே, அந்தப் பயம் எனக்கு. பெட்டி விமானத்தின் முன்பக்கம். வால் பக்கம் கோழிக்குஞ்சுக் கூடைகள். அண்ணன் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் கூடைகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அங்கிருந்த இயந்திரப் பாரத்தை வாலுக்குத் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை.

தரையிறங்கும்போது வால் பாரத்தால் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வால் ஓடுபாதையில் உரசியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அது என் முதுகெலும்பில் ஏறியது. ஒரு குஞ்சுகூடக் கத்தவில்லை. பெட்டிக்குள் மட்டும் யாரோ புரண்டு படுத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் பிழைத்தோம். கூடைகள் கட்டியது கட்டியபடியே இருந்தன. பெட்டியின் மேல் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. அதன் காலில் கறுப்பு நூல். நான் கட்டவில்லை. அண்ணனும் கட்டவில்லை. பின் யார் கட்டியது?

விசாரணையில் பாரத்தை மாற்றியது யார் என்று கேட்டார்கள். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அண்ணன் எழுந்தார். "நாந்தான் மாத்தினேன் சார். இவனுக்கு ஒண்ணும் தெரியாதுலா."

வேலை போயிற்று. விமானத்தைக் கவிழ்க்கப் பார்த்தவன் என்ற பேரோடு ஈப்போ திரும்பினார். அந்தப் பெட்டியைத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. அன்று தொடங்கியதுதான் இந்தத் தொண்டு.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, நல்ல பகலில், என் மணிக்கட்டைப் பிடித்தார். "வால் உரசுது மாயாண்டி, கேக்குதா?" என்றார். கேட்டது. சபையோரே, எனக்கும் கேட்டது! அவர் கண்மூடிய பிறகும் அது நிற்கவில்லை. இதோ, நான் பேசும் இந்த நேரத்திலும் கேட்கிறது.

வீரம்மா அக்கா, ஐந்து வருடமாக உங்கள் கையால் சோறு தின்றேன், சொல்லவில்லை. வேலையைத் தொலைத்தார் என்று அவரை நீங்களே ஒருநாள் ஏசினீர்களாம்; அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா. நாளையே அந்த விமான நிறுவனத்துக்கு உண்மையை எழுதிக் கையெழுத்திடுவேன். எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் அண்ணன் ஓட்டிய சங்க வேனை நான் ஓட்டுவேன் என்று இந்தச் சபை முன் உறுதி சொல்கிறேன். சாவி உங்களிடம் இருக்கிறது. என் கையில் கொடுக்க மனம் வராவிட்டால், அதுவும் நியாயம்தான்.