நொச்சித் தண்ணி

— வுடுங்க மாப்ள, காலத் தொடாதீங்க. மணவறையில உங்க காலக் கழுவி வுட்டவன் நான்.

— பேசின்ல வைங்க மாமா. தண்ணி ஆறுது.

— யாராச்சும் பாத்தா இன்னா சொல்லுவாங்க? மாமனாரு குந்திகிட்டு மாப்ளைய வேல வாங்குறான்னு பேச மாட்டாங்க?

— கதவு சாத்திதான் இருக்குது.

— கயலு இருந்தா அது செய்யும். பெத்த பொண்ணுகிட்ட வெக்கம் கெடையாது.

— சூடு போதுமா?

— போதும், போதும். இது இன்னா எல?

— நொச்சி. கயல் மாடியில காய வச்சு நொறுக்கி வச்சிருந்தா. அடுப்படி டப்பாவுல இருந்துச்சு.

— ஓ. நொச்சியா.

— ஏன்?

— ஒண்ணுமில்ல. ஊத்துங்க, நல்லாருக்கு.

— மிச்சத்த வேகவச்சு துணியில கட்டியிருக்கேன். முட்டியில ஒத்தடம் குடுக்கறேன்.

— சீக்கிரம் ஆவட்டும். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸப் புடிக்கணும்.

— எதுக்கு?

— பைய கட்டிட்டேன், பாக்கலியா? கதவாண்ட இருக்குது. எந் தம்பி வூட்டுக்குப் போறேன்.

— இந்த முட்டியோடவா?

— கயலு காரியத்துக்கு வந்தவன் காரியம் முடிஞ்சதும் கெளம்பணும். பொண்ணே இல்லாத வூட்டுல...

— மாமா.

— காலையில உங்க அக்கா போன்ல பேசுனாங்களே. ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஷேவ் பண்ணிகிட்டு இருந்தீங்க.

— கேட்டுடுச்சா மாமா?

— ‘கார்முகிலு, ஞாயித்துக்கெழம பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. அந்தாளு இன்னும் அங்கதான் கெடக்காரா’ன்னாங்க. அதுக்கு நீங்க...

— தெரியும்.

— ‘போயிடுவாரு’ன்னீங்க. தப்பில்ல மாப்ள. சின்ன வயசு. நான் கோவிச்சிக்கல.

— பொண்ணு பாக்க நான் ஒத்துக்கல. போன வைக்கணும்னு வாயில வந்தத சொன்னேன்.

— அது கெடக்கு, வுடுங்க.

— உங்க மூஞ்சப் பாக்கக் கூசுது மாமா.

— அதான் என் காலையே பாத்துகிட்டு இருக்கீங்களா? சிரிங்க மாப்ள. நீங்க சிரிச்சே ரொம்ப நாளாச்சு.

— மாமா, என் கையப் பாருங்க.

— கைக்கு இன்னா?

— ஆரஞ்சா இருக்குது. தேச்சாலும் போவல. உங்க காலும் அப்படியே இருக்குது. பாதம், முட்டி, எல்லாம்.

— விடிஞ்சா இன்னும் செவக்கும்.

— அப்ப இது நொச்சி இல்லியா?

— மருதாணி. தீவாளிக்கு வச்சுக்கலாம்னு காய வச்சிருக்கும். நொச்சின்னா நெடி மூக்கத் தொளைக்குமே, உங்களுக்குத் தெரியலியா?

— அவ போனதுலேர்ந்து எனக்கு எந்த வாசமும் தெரியல.

— அடப் பாவமே.

— நாளைக்கு கம்பெனிக்கு எப்படிப் போவேன்? பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கற பொம்பளைங்க அத்தினி பேரும் பாப்பாங்க. பொண்டாட்டி செத்தவன் மருதாணி வச்சிகிட்டு வரான்னு...

— பெயின்ட் பட்டுடுச்சுன்னு சொல்லுங்க.

— உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

— மொதச் சொம்பு ஊத்துனப்பவே.

— அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?

— சொல்லியிருந்தா காலத் தொடச்சிட்டு கெளம்பியிருக்கணும். செவந்த காலோட கெழவன் எப்படி மாப்ள பஸ்ஸு ஏறுவான்?