பின்பக்கத்து மணிப்பூ

மேடையில் வீற்றிருக்கும் மேட்டுக் கோயில் குரு அவர்களே, அரக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஒசாகாவிலிருந்து பனியில் ரயில் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் மறைந்தவரின் தங்கை சயோகோ அம்மா அவர்களே, யாமனாகாவின் கடைசல்காரர்களே, பூச்சுக்காரர்களே, தங்கத் தூளில் பூ வரைகிறவர்களே, என்னோடு பலகையில் உட்கார்ந்து மெருகு போட்டே கைரேகை தேய்ந்துபோன பெண்களே! எல்லாருக்கும் கிதாதே இசோவின் வணக்கம்.

தேநீர்க் கலை ஆசிரியர், நம் சங்கத்தின் பழம்பொருள் காப்பாளர், தோகாஷி கினுவே அம்மையார் நம்மை விட்டுப் போய் இன்றோடு நாற்பத்தொன்பது நாள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், "நம்மை விட்டுப் போனார்" என்று. அவரா நம்மை விட்டுப் போனார்? நாம்தானே அவரை விட்டுப் போனோம்! பதினொரு வருடத்துக்கு முன்பே விட்டுப் போனோமே!

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு அரக்குதான் எனக்குப் பள்ளிக்கூடம். கினுவே அம்மையாரைப் போல ஒரு பழைய சிமிழைப் பார்க்கத் தெரிந்தவர் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்ததில்லை என்று அந்தப் படிப்பை வைத்துச் சொல்கிறேன். தேயிலைப் பொடி வைக்கும், இலந்தைப்பழ வடிவில் கடைந்த ஒரு சிமிழை எடுப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுவார். முழங்கையைப் பாயில் ஊன்றிக்கொள்வார். பாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கமாட்டார். ஏன் தெரியுமா? விழுந்தாலும் ஒரு சாணிலிருந்துதான் விழ வேண்டும்.

ஒரு தடவை கனசாவாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். செவ்வந்திப் பூ நெருக்கமாக வரைந்த சிமிழ், தகதகவென்று இருந்தது.

"நூத்தம்பது வருசத்துச் சாமான்மா, பாத்துப் புடிங்க" என்றார்.

கினுவே அம்மையார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம்" என்றார்.

"யாரு பாவம்?"

"இந்தச் சிமிழ்தான். விரல் படற எடத்துல தங்கம் தேயணுமே, ஒரு இதழ்கூடத் தேயலையே. நூத்தம்பது வருசமா ஒருத்தர்கூடவா இதுலேருந்து டீ போட்டுக் குடிக்கல?"

மெருகுப் பலகையில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். வியாபாரி மூடியைப் போட்டுக்கொண்டு போனவர் போனவர்தான். அன்றைக்குச் சிரித்த நாம், அதே கண் நம் ஊர்ச் சிமிழைப் பார்த்தபோது ஏன் சிரிக்கவில்லை?

மேட்டுக் கோயிலின் இலையுதிர்காலச் சிமிழை அறியாதவர் இங்கே யார்? முன்பக்கம் நாணலும் நீல மணிப்பூக்களும். திருப்பினால் கருப்புக்கு நடுவில் தனியாக ஒரே ஒரு மணிப்பூ. "மறைவில் பூத்த மணிப்பூ" என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரில் இனிப்புச் செய்தோம், துணியில் அச்சடித்தோம். மாகாணத்தின் பழம்பொருள் பட்டியலில் சேர்க்க மனுப் போடலாம் என்று குழு கூடியது. விவரக் குறிப்பை எழுதச் சொல்லிக் கினுவே அம்மையாரிடம் தூரிகையைக் கொடுத்தார்கள்.

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

நூற்றெழுபது வருடத்துக்கு முன் அந்தச் சிமிழிலிருந்து எடுத்த பொடியில் தேநீர் குடித்த விருந்தாளி ஒருவரின் நாட்குறிப்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரே வரி. படித்தார்: "முன்னால் நாணலும் மணிப்பூவும். பின்னால் ஒன்றுமில்லை, அந்தியிருட்டு மட்டும்." படித்து முடித்துவிட்டுச் சொன்னார், "சிமிழ் வெக்கற பெட்டி பழசு. உள்ள இருக்கற சிமிழ் பழசில்ல."

அன்று எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இனிப்புக்கடை டோகுஜி எழுந்து, "அப்ப இதப் பண்ணது யாரு? பேரச் சொல்லு பாப்போம்!" என்று கத்தினார்.

"அது நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் அம்மையார்.

"தெரிஞ்சாத்தானே சொல்லுவ!"

அவ்வளவுதான். ஆதாரமில்லாமல் ஊர் மானத்தை வாங்கினாள் என்று பெயர் கட்டினோம். தேநீர் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர் கடைக்குப் போனால் இனிப்புத் தீர்ந்துவிட்டது என்றார்கள், கண்ணாடிக்குள் இனிப்பு இருக்கும்போதே. அவருடைய தாயாரின் நினைவு நாளுக்கு ஒருவரும் போகவில்லை.

சபையோரே! அவருக்குப் பெயர் தெரியும். கூட்டம் முடிந்த மறுநாள் காலை என் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இசோ, ஒன் வீட்டுக்காரரு ஜின்பெய் கை எனக்குத் தெரியாதா? இடக்கைக்காரரு. நாணல் இலைய நுனியிலேருந்து அடிக்கு இழுப்பாரு. நான் பேரச் சொல்லல. செத்துப்போன மனுசன். நீயாத்தான் சொல்லணும்."

"என்னக்கா உளறுறீங்க?" என்றேன்.

"சரி, உளறல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் அவர்களே, கையைக் காட்டாதீர்கள். முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

போர் முடிந்த பஞ்சத்தில், ஒசாகாவில் வீடு வாசல் எரிந்துபோன முப்பத்தொரு பிள்ளைகள் மேட்டுக் கோயிலில் இருந்தார்கள். அவர்களுக்காக அன்றைய குரு, இந்தக் குருவின் தாத்தா, சிமிழைக் கொடுத்து அரிசி வாங்கினார். வெறும் பெட்டியை வைத்துக்கொண்டார். அது குற்றமா? நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு வருடம் கழித்துக் கோயிலுக்கு ஆண்டு விழா வந்தது. ஊர் சிமிழைக் கேட்டது. கண் மங்கிப்போயிருந்த குரு என் கணவரைக் கூப்பிட்டார்.

"சின்ன வயசுல வருசா வருசம் பாத்திருப்பியே ஜின்பெய். அப்படியே ஒண்ணு பண்ணிக் குடுத்துரு."

"மாடத்துல வெச்சுத்தானே சாமி பாத்திருக்கேன். முன்பக்கம் தெரியும். பின்னாடி?"

"பின்னாடி ஒண்ணும் இருந்த ஞாபகமில்லப்பா. கருப்புதான்."

கணவர் வீட்டுக்கு வந்து முன்பக்கத்தை ஐந்து மாதம் வரைந்தார். பின்பக்கத்தை அப்படியே விட்டு மெருகுக்கு என்னிடம் கொடுத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கெழவருக்குக் கண்ணு போயி எத்தன வருசமாச்சு! அவரு பேச்சக் கேட்டுப் பாதி வேலையோட குடுத்தா, கிதாதே வீட்டுக்காரன் சோம்பேறின்னுதான் ஊரு பேசும். ஒரு பூவாவது போடுங்க."

"வேண்டாம்டி. வெறுமையும் ஒரு வேலதான்."

"வெறுமைய யாரு பாக்கறா?"

மூன்று நாள் விடாமல் சொன்னேன். நாலாம் நாள் ஒரு மணிப்பூ போட்டார். மான்கொம்புச் சாம்பல் தொட்டு அதற்கு மெருகு ஏற்றியது இந்த உள்ளங்கை. குரு கையால் தடவி வாங்கிப் பெட்டியில் வைத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு என் கணவரும் போனார். மிச்சம் நான்தான்.

பதினொரு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? கணவர் பெயருக்காக என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இன்று அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரே அந்தப் பின்பக்கத்துப் பூவைப் புகழ்ந்ததல்லவா? கடையில் அந்த இனிப்பைத் தட்டில் பார்க்கும்போதெல்லாம், அது என் பூ என்று எனக்கு நெஞ்சு நிமிரும். அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பூவுக்காக ஒரு மனுஷியைக் கொடுத்தேன்!

தெருவின் அறிவிப்புப் பலகை வீடு வீடாகச் சுற்றிவரும்; படித்தவர் தன் முத்திரையை வைத்து அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். என் வீட்டிலிருந்து அது அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பதினொரு வருடமாக நான் அவர் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டில் கொடுத்துவந்தேன். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. அவர் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"என்ன இசோ, இந்த மாசமும் பலகைக்கு வழி தெரியலையா? நடுவுல ஏழு அடிதானே. அதுக்குள்ள எப்படித்தான் தொலையுதோ!"

"வேலை ஜாஸ்திக்கா."

"மெருகு போடறதுக்கு ஒன்ன அடிச்சுக்க ஆளில்லடி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஜனவரி கடைசியில் வந்த பலகையில் இரண்டே வரி. வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கோயில் கூரைப் பனி தள்ளப்படும், பின்சந்துக்கு யாரும் வர வேண்டாம். படித்தேன், முத்திரை வைத்தேன், அவர் வாசலைத் தாண்டினேன். சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். அவருடைய பின்கதவு நடுவில் திறக்கிறது. ஒன்பதே காலுக்குக் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார்.

கூரை மேல் நின்றவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களுக்குக் கீழே தெரியாது. நான் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டேன். பனி விழுகிற சத்தம் என்று நினைத்தேன். பனி விழுந்த சத்தம்தான். அவரைத் தோண்டி எடுக்க மதியம் ஆகிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். விபத்தா? அந்தப் பலகையில் அவர் முத்திரை எங்கே என்று ஒருவர் பார்த்தாரா?

சயோகோ அம்மா, உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீங்கள் கொடுக்க வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்கக் கூடாது.

சங்கத்தில் இருக்கும் பழைய சிமிழ்கள் ஒவ்வொன்றுக்கும் அம்மையார் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் காலம், யார் கை, எங்கே ஒட்டுப் போட்டது என்று. பாதிக்கு மேல் முடித்திருந்தார். எந்தப் பூ விரல் பட்டுத் தேய்ந்தது, எதைப் பழசாகக் காட்ட மணல் போட்டுத் தேய்த்தார்கள் என்று மெருகுக்காரிகளான எங்களுக்குத் தெரியும். மீதியை நாங்கள் பார்த்து எழுதுவோம். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். இது உறுதி!

முதல் சீட்டை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிக்கிறேன்.

"மேட்டுக் கோயில், இலையுதிர்காலச் சிமிழ். நகல். வரைந்தவர் கிதாதே ஜின்பெய். மெருகு கிதாதே இசோ. பின்பக்கத்துப் பூ தவறு. இசோ சொல்லிப் போட்டது. கண்டு சொன்னவர் தோகாஷி கினுவே."

குரு அவர்களே, கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்க்க இதைப் பெட்டிக்குள் வையுங்கள்.