மச்சானை டிலீட் பண்ணிட்டேன்

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூடிய லேப்டாப்பை மடியில் வைத்திருந்த இளைஞன் சொன்னான்:

“மச்சானை டிலீட் பண்ணிட்டேன், அத்தான்.”

பக்கத்திலிருந்தவர் சுண்டல் மெல்வதை நிறுத்தினார்.

“எந்த மச்சானைலே?”

“முத்துக்குளிக்கிற வி.ஆர். பண்ணுதம்லா, அதுல. கண்ணாடிய மாட்டுனா கடலுக்குள்ள இறங்குத மாதிரி இருக்கும். படகுல கயிறு பிடிக்கிற மச்சான் பொம்ம சும்மாதான நிக்கி. ஃபைலு வேற கனமாயிட்டு. தூக்கிட்டேன்.”

“சும்மா நிக்கானா? மூச்சு முட்டுனா குளிக்கிறவன் கயித்த அசைப்பான். மேல இழுக்குதது பொண்டாட்டி கூடப்பொறந்தவன். அக்கா தாலி அறுந்துறக் கூடாதுன்னு இழுப்பாம்லா.”

“ஆபீஸ்ல அவனுக்குப் பதிலா அண்ணனப் போடச் சொல்லுதாங்க.”

“அண்ணன் எங்கன இழுப்பான்? சொத்துல ஒரு பங்கு மிச்சம்னு பாத்துக்கிட்டு நிப்பான்.”

“இது டிசைன் சாஃப்ட்வேர்ல செஞ்ச ப்ரோட்டோடைப்தான், அத்தான். வெறும் மாதிரி.”

“சரி, இப்ப கயித்த அசைச்சா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. அடியிலயே கெடக்கணும்.”

ஆத்தூர்ப் பாலத்தில் பஸ் ஏறியது. இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

“நாளைக்கு அந்தக் கண்ணாடிய மொதல்ல யார் தலையில மாட்டப் போற?”

“உங்க தலையிலதான்.”

அவர் சுண்டல் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“உங்க அக்காட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

இளைஞன் லேப்டாப்பைத் திறந்தான்.