செல்லபாயின் குப்பாயம்

– ஆறேகால் பஸ்சு போயிட்டு. இனி ஏழு மணிக்குத்தான். இந்தக் கல்லுல இரிம்மா.

– எனக்கு இரிக்காண்டாம் மக்கா. ரெண்டு மணிக்கூர் பெஞ்சுல இருந்து இடுப்பு மரத்துப் போச்சு. நின்னு பேசினவன் நீ. நீ இரி.

– நான் எங்க பேசினேன்? புரபசர் இங்கிலீஷுல பேசினாரு. அதத் தமிழுல சொன்னேன். அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா? ஹாலு நெறஞ்ச ஆளு. ஜன்னலுக்கு ஜன்னல் தல. யூனிவர்சிட்டி பிரசங்கம்னா கோட்டுக்காரங்களுக்குன்னு நெனச்சேன். மீன்காரி பேபி, கூடைய வாசல்ல வச்சிட்டு உள்ள வந்து நின்னாளே.

– எல்லாரும் வரலாம்னுதான் நோட்டீஸ்ல போட்டிருந்து.

– தலப்பு என்ன போட்டிருந்து? இன்னொருக்கா சொல்லு.

– 'தென்னாட்டு ஜனங்களும் அவர்களுடைய உடையும்.'

– எனக்க அம்மை மாரு மறைய மேல போட்ட ஒரு குப்பாயத்துக்கு இவ்வளவு பெரிய பேரு.

– சிரிக்காதம்மா. ஆளு பாக்குது.

– பாக்கட்டு. இன்னைக்கு சிரிக்கலாம். செல்லபாய்னு எனக்க அம்மைக்க பேர நீ உரக்கச் சொன்னப்போ நான் பெஞ்சுல நிமிந்து இருந்தேன், கேட்டியா. பதினஞ்சு வயசு அவளுக்கு. நம்ம சாதிப் பெண்ணுவ மேல துணி போடப்பிடாதுன்னு சந்தையில வச்சு குப்பாயத்தக் கிழிச்சானுவ. கிழிஞ்சதத் தச்சுப் போட்டுட்டுக் கோர்ட்டுக் கச்சேரியில போய் நின்னா. மேல கெடக்கத எடுத்துட்டு சாட்சி சொல்லுன்னான் ஒருத்தன். இவ எடுக்கவும் இல்ல, வாயத் தொறக்கவும் இல்ல. கேஸ் தள்ளிப்போச்சு. எண்பது வருஷம். அடுக்களைக்கு வெளிய இத ஆரும் பறஞ்சது கெடையாது.

– அதான் இன்னைக்கு சொல்லியாச்சே.

– ஆரு சொன்னது?

– புரபசர்தான்.

– அவரு சொல்லல்ல மக்கா.

– என்னம்மா சொல்லுத?

– இரின்னு சொன்னேன்லா, இரி. உனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். கோவப்படப்பிடாது. மிஷன் லேஸ் அறையில நான் எத்தன வருஷம் இருந்தேன்?

– பதினோரு வருஷம்னு சொல்லுவ.

– பதினோரு வருஷம் வெள்ளைக்கார மதாம்மைக்க காலு பக்கத்துல, தலகாணிய மடியில வச்சு லேஸ் பின்னினேன். மதாம்மைமாரு டீ குடிச்சிட்டே ஒருத்திக்கொருத்தி பேசுவாவ. இதுகளுக்கு என்ன தெரியப்போவுதுன்னு எல்லாத்தையும் பேசுவாவ. எங்களப் பத்தியும் பேசுவாவ. எனக்குப் பேச வராது. எழுத்தும் தெரியாது. கேட்டா வெளங்கும்.

– இங்கிலீஷா?

– பின்ன, எபிரேயுவா?

– இத்தன வருஷம் ஒரு வார்த்த சொல்லல்லியே.

– நீ கேட்டியா? உனக்க பாடத்த நீ உரக்க வாசிக்கும்போ நான் மீன் கழுவிட்டே கேட்டிட்டு இருப்பேன். தப்பா வாசிச்சா எனக்குத் தெரியும். சொன்னா உனக்குக் கொறச்சலா இருக்கும்னு விட்டேன்.

– அப்போ இன்னைக்கு அவரு பேசினது...

– முழுக்கக் கேட்டேன். கோயில் அம்பலம் எல்லா சாதிக்கும் தொறந்து ரெண்டு வருஷமாச்சு, இனிப் பழையதக் கெளற வேண்டாம்னு தொடங்கினாரு. பெறவு அவரே கெளறினாரு. வெள்ளைக்காரிய மாதிரி ஆவணும்னு ஆசப்பட்டு நம்ம பெண்ணுவ குப்பாயம் போட்டதாம். மானம்னு ஒண்ணு அதுக்கு முன்ன இதுகளுக்குக் கெடையாதாம். மிஷன்காரன் கப்பல்ல கொண்டுவந்து எறக்கின சரக்காம் அது. செல்லபாய் கச்சேரியில வாய் தொறக்காம நின்னாளே, அது பேசத் தெரியாம நின்னதாம். முன்வரிசையில சிரிச்சானுவ. நானும் கேட்டிட்டுதான் இருந்தேன்.

– அம்மா...

– முடிக்கல்ல மக்கா. அவரு அந்த எடத்துல நிறுத்தினாரு. நீ தாள நோக்கல்ல, அவரையும் நோக்கல்ல. என்னைய நோக்கின. 'அவள் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்கு அவர்கள் கேட்ட விலையை அவள் கொடுக்கவில்லை'ன்னு சொன்ன. சின்னதுல எனக்க வாயிலேருந்து நீ கேட்டது அது. புஸ்தகத் தமிழுல சொன்ன, அவ்வளவுதான். ஹாலு முழுக்கக் கை தட்டிச்சு. பேபி கண்ணத் தொடச்சா. தமிழ் தெரியாத அந்த மனுசன் தனக்குத்தான் தட்டுதாவன்னு தல குனிஞ்சு கும்பிட்டாரு.

– அந்நேரம் எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல்ல.

– வரப்பிடாது. பள்ளிக்கூடத்துல மூணு வருஷமா டெம்பரவரி. யூனிவர்சிட்டியில தமிழ் உத்தியோகம் இந்த மனுசன் கையிலதான் இருக்குன்னு உனக்க பெஞ்சாதி ராகேல் ராவெல்லாம் செபிச்சுட்டு கெடக்கா. அதத் தெரிஞ்சிட்டே மாத்திச் சொன்னியே. எனக்கு அது போதும். உத்தியோகம் போனா போட்டு. லேஸ் பின்னி வித்தாவது கஞ்சி குடிக்கலாம்.

– போவாதும்மா. பாத்துக்கலாம்.

– ஒண்ணுதான் எனக்கு வெளங்கல்ல. இந்தக் கதைய அவருக்கு ஆரு இப்பிடிக் கோணலாச் சொன்னது? ஆறு ஞாயித்துக்கெழம சபைக்கும் வராம குறிப்பு எழுதிக் குடுத்தியே. செரியாத்தானே எழுதின?

– அவருக்கு ஏத்த இங்கிலீஷுல எழுதணும்லா.

– இங்கிலீஷ் எதானா என்ன? நடந்தது ஒண்ணுதானே.

– பஸ்சு வந்தாலும் வரும், அந்தப் பக்கம் போய் நிப்போம்.

– ஏழு மணிக்குன்னு நீதானே சொன்ன. அங்ஙன ஒருத்தர் ஓடி வாராரு பாரு. உன்னையத்தான் கூப்பிடுதாரு.

– யூனிவர்சிட்டி பியூன். நீ இஞ்சயே நில்லு, நான் போய்ப் பேசிட்டு வாறேன்.

– ஜான்ரோஸ் சாரே, நில்லுங்க, நில்லுங்க. பஸ்சு போயிருக்குமோன்னு பயந்து ஓடி வாறேன் பாத்துக்கிடுங்க. மூச்சு வாங்குது. இதாரு, அம்மையா? கும்பிடுதேன் அம்மா.

– நல்லா இரும். பேரென்ன?

– கோலப்பன். உங்க மகன் இன்னைக்கு ஹால ஒரு கலக்கு கலக்கிட்டாரு பாத்துக்கிடுங்க.

– காரியத்தச் சொல்லும் கோலப்பன்.

– நாளைக்கு பத்மநாபபுரத்துல இதே பிரசங்கம். ஒரு வார்த்த மாறாம இதே மாதிரி சொல்லணும்னாரு நம்ம புரபசர். அப்புறம் இனிப்பான சேதி. தமிழ் உத்தியோகம் உங்களுக்குத்தான். திங்கக்கெழம ஆர்டர் வந்திரும்.

– கேட்டியா மக்கா. ராகேலுக்க செபம் வீணாவல்ல.

– செரி கோலப்பன். நாளைக்கு வாறேன்னு சொல்லும். நீரு கெளம்பும்.

– கெளம்புதேன். இந்தத் தாளுக் கெட்ட உங்க கையில குடுக்கச் சொன்னாரு.

– அது அவருக்கிட்டயே இருக்கட்டு.

– நல்லா இருக்கே. இது உங்க தாளுல்லா சாரே. நீங்க எழுதிக் குடுத்தத அப்பிடியே மேடையில வாசிச்சிட்டாராம், ஒரு எழுத்து மாத்தல்லியாம். 'என் மனசில உள்ளத அந்தப் பையன் எனக்கு முன்னயே எழுதி வச்சிட்டான், எனக்கு வேலையே இல்ல'ன்னு கார்ல எல்லாருக்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. புஸ்தகமா அடிக்கும்போ உங்க பேரும் உண்டு.

– கோலப்பன், போதும்.

– என்ன சாரே, நாணமா? பெத்தவளுக்கில்லா பெரும. அம்மா, நீங்க வாங்கிக்கிடுங்க. முத்து முத்தா எழுதியிருக்காரு.

– இஞ்ச தாரும். நல்லது, போயிட்டு வாரும்.

– வாறேன் அம்மா. வாறேன் சாரே. நாளைக்கு எட்டு மணி, மறந்திராதீங்க.

– அம்மா, அத இப்பிடித் தா. பஸ்சு வாற நேரம்.

– உனக்க எழுத்துதானே இது?

– உத்தியோகம் வேணும்லாம்மா. அவரு எப்பிடி நெனப்பாருன்னு எனக்குத் தெரியும். எழுதும்போ அது வெறும் தாளு. நீ அங்க வந்து இருப்பன்னு நான் நெனைக்கல்ல.

– எனக்கு எழுத்து தெரியாது. செல்லபாய்னு வாற எடத்துலேருந்து நீ வாசி. தமிழுல வேண்டாம் மக்கா, எழுதியிருக்கபடி வாசி.