பழைய பக்கத்தில் ஓர் ஆள்

திங்கட்கிழமைக் காலை, மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ். எனக்கு முன் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய இளைஞன் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னான்:

"நேத்து பூரா ஒரே ஒரு ஆளுக்காகக் காத்துக் கிடந்தேண்ணே."

"யாருக்கு?"

"நாங்க நடத்துறது வரன் பாக்குற வெப்சைட். நேத்து அதைப் புதுசா மாத்துனோம். ஏற்கெனவே பழசுல இருக்கவங்க பாத்து முடிச்சு வெளிய போற வரைக்கும் பழசையும் ஓட விடணும். எல்லாரும் போயிட்டாங்க. ஒரு ஆளு மட்டும் போகல."

"நிப்பாட்ட வேண்டியதுதானே?"

"மனசு வரலண்ணே. ஞாயித்துக்கிழமை அம்புட்டு நேரம் உக்காந்து வரன் பாக்குறாருன்னா, பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."

பின் சீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?" என்றார் பெரியவர்.

"சாயங்காலம் அந்த ஆளு எங்கருந்து பாக்குறாருன்னு தேடிப் பாத்தா, என் வீட்டுக் கம்ப்யூட்டர். நேத்து காலையில நான் சைட்டைப் பாத்துட்டு மூடாம ஆபீசுக்குக் கெளம்பியிருக்கேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு."

பெரியவர் சிரித்தார். "வீட்ல யாராச்சும் மூடியிருக்கலாம்ல?"

அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மூட ஒரு ஆளு வீட்ல இருந்தா, நான் ஏண்ணே அந்த சைட்டைத் திறக்கப்போறேன்?"