தலைக்கு மேல லோடு

அட, வண்டிய அந்த மரத்தடியிலயே விடுங்கண்ணே, இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. உங்க ஆபீசருங்க உள்ள பேசி முடிச்சிட்டு வர நேரமாகும். இப்படி வந்து உக்காருங்க. நான் யாரா? நான்தான் இங்க வாத்தியார். கட்டட வேலை, இன்ஜினியரிங் படிச்ச பசங்கள வெளிநாட்டு வேலைக்குத் தயார்பண்ணி அனுப்புறது நம்ம பொழப்பு.

என்னத்தச் சொல்லித்தருவேனா? எல்லாந்தான். அந்த ஊர் டிராயிங்க எப்படிப் படிக்கணும், உயரத்துல ஏறினா பெல்ட்ட எங்க மாட்டணும், தெரியலன்னா தெரியலன்னு எப்படிச் சொல்லணும். அந்தக் கடைசி விஷயம் இருக்கே, அதுதான்ணே நம்ம ஆளுங்களுக்கு வாயிலயே வராது. எதக் கேட்டாலும் மண்டைய ஆட்டிக்கிட்டு எஸ் சார், எஸ் சார்னு நிப்பானுங்க. அந்தப் பழக்கத்த மாத்துறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடும்.

நானா? இல்ல, நான் போனதில்ல. ஏன்தான் எல்லாரும் இதையே கேக்குறீங்களோ. நான் அனுப்பிவச்சவனெல்லாம் அங்கேருந்து புது ஹெல்மெட்டோட போட்டோ அனுப்புறான். எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்னு கீழ ஒரு வரி வேற. பாக்குறப்பல்லாம் வயிறு எரியும்ணே. வாத்தியாருக்கு வயிறு எரியக்கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?

அதான் இந்தத் தடவ உங்க கம்பெனிக்கு நானே அப்ளிகேஷன் போட்டுட்டேன். சைட் இன்ஜினியர் வேலை, ஒரே ஒரு இடம். எல்லாரையும் கழிச்சுக் கட்டிக் கடைசியில ரெண்டு பேர் நின்னோம். நானும், என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணும்.

சின்னப் பொண்ணெல்லாம் இல்லண்ணே. சிவில் படிச்சிட்டு, கல்யாணம் ஆகி, குழந்தையப் பாத்துக்கிட்டு வீட்டோட கிடந்தது. சும்மாதானே இருக்கே, கிளாஸ்ல வந்து உக்காருன்னு கூட்டிட்டு வந்ததே நான்தான். என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன். சொல்லச் சொல்ல அப்படியே புடிச்சுக்கிச்சு. அடுப்புக்குப் பக்கத்துச் செவுத்துல டிராயிங்க ஒட்டி வச்சுக்கிட்டுத்தான் சமையலே. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, முடியாது சார், முடியாது சார்னு சொல்லிப் பழகும். எனக்கெப்படித் தெரியுமா? தெரியும், விடுங்கண்ணே.

காலையில நடந்தத கேளுங்க. பின்னாடி யார்டுல கிரேன்ல ஒரு பெரிய இரும்பு உத்தரத்தத் தூக்கித் தொங்கவிட்டிருந்தாங்க. உங்க பெரிய ஆபீசர் இருக்காரே, நரச்ச தாடிக்காரர், அவரு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, வாங்க, வந்து இந்த டிராயிங்கப் பாருங்கன்னு கூப்பிட்டார். போற வழி அந்த இரும்புக்கு நேர் கீழ. பெரிய மனுஷன், சிரிச்ச முகமா கைய நீட்டிக் கூப்பிடுறார். எப்படிண்ணே போகாம இருக்கிறது? குடுகுடுன்னு ஓடினேன்.

சிரிக்காதீங்க. தலைக்கு மேல லோடு தொங்கினா முதலாளியே கூப்பிட்டாலும் போகாதேன்னு ஒவ்வொரு கிளாசுக்கும் தொண்டை கிழியக் கத்துறவன் நான். போய் நின்னதும்தான் எனக்கே உறைச்சுது. அவர் கையில இருந்த பேப்பர்ல எதையோ குறிச்சுக்கிட்டார். நன்றின்னு மட்டும் சொன்னார்.

அடுத்தது அந்தப் பொண்ணு. கூப்பிட்டார், அசையல. மொதல்ல லோட எறக்கச் சொல்லுங்க சார், அப்புறம் வர்றேன்னுச்சு. குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. தாடிக்காரர் கை தட்டுறார்ண்ணே! அந்த வார்த்தை என்னோடது. அத நிறுத்தி நிதானமாச் சொன்ன விதமும் என்னோடது. கைதட்டு மட்டும் அதுக்கா?

இப்ப உள்ள வச்சு, எப்பக் கிளம்புவீங்க, எங்க தங்க வைக்கலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க.

அதான்ணே, உங்களால ஒரு சின்ன உதவி ஆகணும். திரும்பிப் போற வழியில தாடிக்காரர் காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க. அந்தப் பொண்ணு கடைசி நேரத்துல வராது, வீட்டுல சம்மதம் இல்லன்னு. அது இல்லன்னா அடுத்தது நான்தானே. சேச்சே, பொய் இல்லண்ணே. அதோட புருஷனே வாயால சொல்லக் கேட்டேன்னு தைரியமாச் சொல்லலாம். எங்க கேட்டேன்னா? இப்பக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, கதவு தொறக்குது பாருங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க.

வாடி, வா! கெடச்சிடுச்சா? எனக்கு அப்பவே தெரியும். அட, அதுக்கு எதுக்குக் கண்ணக் கசக்குறே? இவரா? அவங்க வண்டி ஓட்டுற அண்ணன். இவ்வளவு நேரம் உன்னப் பத்தித்தான் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன். வேணும்னா கேட்டுப் பாரேன்.